கொடுத்த கையும் காத்திருந்த கையும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரைப் பத்திரிகையாளராக, பௌத்த மறுமலர்ச்சியாளராக, சாதியின் வரலாற்றைத் திருப்பி எழுதியவராக நாம் நினைவுகூர்கிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதைப் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் கடந்துவிடுகிறோம். அவர் பௌத்தம் தழுவிய 1898ஆம் ஆண்டிலேயே, பம்பாயில் தொடங்கிய பிளேக் பெங்களூரை எட்டியது. நோயாளிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்த ஒருவரின் நினைவில் நடக்கும் கூட்டத்தில் நோயைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறோம்.

கொரோனா காலத்தில் தடுப்பூசி பற்றி நடந்த விவாதத்தில் இரண்டே பாத்திரங்கள் இருந்தன. ஒருபக்கம் அறிவியலைக் கையில் ஏந்திய அரசு, மறுபக்கம் அறியாமையால் கையை மடக்கிக்கொள்ளும் மக்கள். தொலைக்காட்சி விவாதங்களும் நாளேட்டுத் தலையங்கங்களும் பெரும்பாலும் இந்தச் சட்டகத்துக்குள்தான் சுழன்றன. 200 ஆண்டு வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால் வேறு இரண்டு கேள்விகள் எழுகின்றன. சோதிக்கும்போது யாருடைய கை முதலில் நீட்டப்பட்டது? மருந்து கிடைத்தபோது யாருடைய கை கடைசியில் காத்திருந்தது? நம் வாதம் இந்த இரண்டு கேள்விகளையும் ஒட்டியது.

1. அம்மைப்பாலின் பாதை

எட்வர்ட் ஜென்னர் 1796இல் செய்த சோதனையிலிருந்து பெரியம்மைத் தடுப்பு முறை பிறந்தது. 1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதலாகக் குத்தப்பட்டவள் அவளே. அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்தது. நம் பாட்டிமார் 'அம்மைப்பால்' என்று சொன்ன அந்த மருந்து எப்படிப் பயணம் செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அன்று குளிர்சாதனப் பெட்டி கிடையாது. இந்த வெயிலில் அம்மைப்பாலைக் குப்பியில் அடைத்துப் பல நாள் வைத்திருக்க முடியாது. எனவே ஒரு குழந்தையின் கையில் குத்தினார்கள். சுமார் எட்டாம் நாள் அங்கே கொப்புளம் பழுத்ததும், அதைக் கீறி, வடியும் நீரை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் வைத்தார்கள். கையிலிருந்து கைக்கு என்ற இந்தச் சங்கிலி அறுந்தால் அந்த வட்டாரத்தில் மருந்தே இல்லாமல் போகும். ஆகவே எப்போதும் கொப்புளத்தோடு ஒரு குழந்தை தேவைப்பட்டது. 1803இல் ஸ்பெயின் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு மருந்தை அனுப்பியபோது, 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றியது. அந்தச் சிறுவர்களின் கைகளே மருந்துப் பெட்டிகள்.

இங்கே அந்தக் கைகள் யாருடையவை? நல்ல நிலையில் இருந்த குடும்பம் எதுவும் தன் குழந்தையின் கொப்புளத்தைக் கீறிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. வறியவர்களின் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுமே அடிக்கடி அந்தச் சங்கிலியின் கண்ணிகளானார்கள். பெற்றோருக்குச் சில்லறை கொடுத்தும் அதிகாரத்தைக் காட்டியும் அவர்களைக் கொண்டுவந்தனர். இதனால் மேல்சாதியார் அம்மை குத்திக்கொள்ளத் தயங்கினார்கள். தீண்டக்கூடாதவன் உடலில் ஊறிய நீர் தன் பிள்ளையின் இரத்தத்தில் கலப்பதா என்பது அவர்கள் கவலை. தடுப்பூசித் தயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும். இந்தியாவில் தடுப்பூசிக்கு எழுந்த தொடக்ககால எதிர்ப்புகளில் ஒன்று தீண்டாமையிலிருந்து வந்தது.

அந்தத் தயக்கத்தை ஆட்சியாளர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது சுவையான செய்தி. சென்னையின் ஆட்சியராக இருந்த எல்லிஸ், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதையையே எழுதினார். பசுவிடமிருந்து வந்த அம்மைப்பால் தெய்வ அருள் என்று காட்டுவது அதன் நோக்கம். 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியானது. பசு அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பழைய நூலிலேயே இருப்பதாக அது கூறியது. அப்படி ஒரு பழஞ்சுவடி இல்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பொய் இன்னும் உலவுகிறது. மேல்சாதியாரின் தயக்கத்துக்குப் புராணம் எழுதப்பட்டது. அவர்கள் மனம் புண்படாமல், அவர்கள் மொழியில், அவர்கள் கடவுளின் வாயால் எடுத்துச் சொல்லப்பட்டது. சேரித் தாய்க்கு யாரும் கதை எழுதவில்லை.

அவளுடைய தயக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. எட்டாம் நாள் பிள்ளையை மறுபடி தூக்கிக்கொண்டு போனால் அன்றைய கூலி போகும். கொப்புளத்தைக் கீறினால் பிள்ளைக்குக் காய்ச்சலும் வலியும் வரும். கை மாற்றிக் குத்தும் முறையில் மேகநோய் போன்ற வேறு நோய்கள் தொற்றும் ஆபத்து உண்டு என்பதை 19ஆம் நூற்றாண்டின் மருத்துவர்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் கன்றுகளிடமிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவிய பிறகே குழந்தைகளின் கைகளுக்கு விடுதலை கிடைத்தது. 1899இல் கிண்டியில் தொடங்கப்பட்ட கிங் நிலையம் அந்த மாற்றத்தின் விளைவு.

இதனால் அம்மைத் தடுப்பு தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. பெரியம்மை ஒழிந்ததால் பெரும் பயனடைந்தவர்களில் நாமும் இருக்கிறோம். நெருக்கமான குடிசைகளில், போதிய உணவும் மருத்துவமும் இல்லாமல் வாழ்ந்த மக்களையே அந்த நோய் அள்ளிக்கொண்டு போனது. 1977இல் இந்தியா பெரியம்மை இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டபோது, அந்த வெற்றியில் நம் குழந்தைகளின் கீறப்பட்ட கைகளுக்கும் பங்கு இருந்தது. அந்தப் பங்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதிவாகவில்லை என்பதே நம் குறை.

2. தெள்ளுப்பூச்சியை விட்டுச் சுவரை இடித்த கதை

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் உறுதிசெய்யப்பட்டது. 1897 பிப்ரவரி 4இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. 2020இல் ஊரடங்குக் காலத்தில் மறுபடி கையில் எடுக்கப்பட்டதும் இதே சட்டந்தான். நோய் எப்படிப் பரவுகிறது என்பது அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அழுக்கிலும் ஈரத்திலும் நெரிசலிலும் பிறக்கிறது என்று நம்பினார்கள். எனவே ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் புகுந்து சுவரை உடைத்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், கார்பாலிக் அமிலத்தை ஊற்றிக் கழுவினார்கள், தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் ஓர் எளிய சோதனை செய்தார். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைக் கடத்துகிறது என்று காட்டினார். அவர் சொன்னதைப் பல ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. 1905க்குப் பிறகு இந்தியாவில் நடந்த பிளேக் ஆய்வுகள் அவர் கண்டதை உறுதிசெய்தன. இடைப்பட்ட காலத்தில் இடிபட்ட வீடுகளுக்குக் கணக்கு உண்டா? நோய் பரவும் வழி தெரியாதபோது ஐயம் முதலில் ஏழையின் வீட்டின் மேல் விழுகிறது. அது தவறு என்று நிரூபணமான பின்னும் இழப்பு ஏழையோடு நின்றுவிடுகிறது.

அதே பம்பாயில் வேறொன்றும் நடந்தது. 1896 அக்டோபர் தொடக்கத்தில் நகராட்சி ஆணையர், நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு அகற்றும் ஆணையைப் பிறப்பித்தார். ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட மலக்கூடைத் தொழிலாளர்களும் மற்றத் துப்புரவுத் தொழிலாளர்களும் நகரைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. அவர்கள் போனால் நகரமே வாழத் தகாததாகிவிடும் என்று நிர்வாகம் அறிந்திருந்தது. அந்த மாத இறுதியில் ஆணை தளர்த்தப்பட்டது. கலகம் செய்யாமல், வெளியேறிவிடுவோம் என்ற சாத்தியத்தாலேயே அரசைப் பின்வாங்கச் செய்த அந்தத் தொழிலாளர்களைப் பற்றி நம் மாணவர்கள் ஆராய வேண்டும்.

புனேவில் பிளேக் நடவடிக்கைகளை எதிர்த்து எழுந்த குரல்களை இந்திய வரலாறு தேசிய எழுச்சியாகக் கொண்டாடுகிறது. 1897 ஜூன் 22இல் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் அந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. படைவீரர்கள் வீடு புகுந்தது கொடுமைதான். ஆனால் அந்த எதிர்ப்பின் பெரும்பகுதி, பூசை அறையும் சமையலறையும் தீட்டுப்பட்டன என்ற மொழியில் பேசியது. பல மருத்துவமனைகள் சாதிக்கும் மதத்துக்கும் ஏற்பப் பிரிந்தே திறக்கப்பட்டன.

அதே புனேவின் புறத்தே வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. சாவித்திரிபாய் பூலேயும் மருத்துவரான அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்தும் பிளேக் நோயாளிகளுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். முந்த்வாவில் நோயுற்ற மகார் சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் தானே சுமந்துவந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நோய் தொற்றி 1897 மார்ச் 10இல் இறந்தார். ஒரே கொள்ளைநோயில் தீட்டுக்கு அஞ்சிய அரசியலும் இருந்தது, தொட்டுத் தூக்கிய அரசியலும் இருந்தது. நாம் இரண்டாவதன் வாரிசுகள்.

பிளேக்கிற்கான தடுப்பூசியை ஹாஃப்கின் பம்பாயில் உருவாக்கினார். 1897 ஜனவரி 10இல் அதைத் தன் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். அந்த நேர்மையை மதிக்கிறோம். அடுத்த சோதனை பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளிடம் நடந்தது. சிறைக்குள் இருப்பவரின் 'சம்மதம்' எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. 1902 அக்டோபர் 30இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் ஒரே குப்பியிலிருந்து மருந்து ஏற்றப்பட்ட 19 பேர் இரண ஜன்னி கண்டு இறந்தார்கள். ஹாஃப்கின்மீது பழி விழுந்தது. குப்பியைத் திறந்த இடத்தில் நேர்ந்த மாசே காரணம் என்ற வாதம் வலுப்பெற்று, 1907இல் அவர் விடுவிக்கப்பட்டார். அறிவியலாளர் ஒருவரின் பெயர் மீண்டது, 1925இல் அந்த ஆய்வகத்துக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. மல்கோவாலின் 19 பேர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறார்கள்.

3. பி.சி.ஜி.யும் செங்கல்பட்டும்

விடுதலைக்குப் பிறகு காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசி வந்தது. 1948இல் மதனப்பள்ளியில் தொடங்கியது. அதே ஆண்டில் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் அமைந்தது. 1955இல் ராஜாஜி இதை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். பெருந்திரளாகப் பிள்ளைகளுக்கு ஊசி போடும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1953இல், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. அதற்கு நம் பெற்றோரின் சம்மதம் கேட்கப்பட்டதாக நினைவில்லை. சம்மதம் என்ற சொல் எங்கே எழுகிறது, எங்கே மறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பி.சி.ஜி. உண்மையில் எவ்வளவு காக்கிறது என்பதை அறிய உலகின் மிகப்பெரிய சோதனை 1968இல் தொடங்கியது. இடம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி போடப்பட்டது, ஒப்பிடுவதற்காக மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979-80 அளவில் வெளியாகி உலக மருத்துவத்தையே உலுக்கியது. குழந்தைகளின் மூளைக் காய்ச்சல் போன்ற கடும் வடிவங்களுக்கு எதிராக அதன் பயன் வேறு ஆய்வுகளால் நிலைத்தது. இன்றும் உலகின் மருத்துவ நூல்களில் 'செங்கல்பட்டு சோதனை' என்ற பெயர் நிற்கிறது.

செங்கல்பட்டு நமக்கு வேறு வகையில் தெரிந்த பெயர். அதன் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்தே பஞ்சமி நில வரலாறு தொடங்குகிறது. தலித் மக்கள் அடர்ந்து வாழும் மாவட்டம் அது. நிலத்தைப் பறிகொடுத்த அதே மண் அறிவியலுக்கு உடலைக் கொடுத்தது. கொடுத்ததற்கு ஈடாக அங்கே என்ன வந்தது? 2012இல், செங்கல்பட்டு திருமணியில் சுமார் 100 ஏக்கரில் ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்துக்கு ரூ.594 கோடியில் ஒப்புதல் தரப்பட்டது. கட்டடம் எழுந்தது. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, அதை மாநிலத்திடம் ஒப்படைக்கக் கேட்டார். அப்போது அங்கிருந்து ஒரு தடுப்பூசியும் வெளிவந்திருக்கவில்லை. அதற்கு முன்பே, 2008இல், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி ஆய்வு நிலையம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி நிறுத்தப்பட்டு, 2010இல்தான் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. பொதுத்துறை மெலிந்த பின் வந்த கொள்ளைநோயில் நாடு இரண்டு தனியார் நிறுவனங்களின் வாசலில் நின்றது.

4. தெளிக்கப்பட்ட உடல்கள்

2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்து அவர்கள்மேல் கிருமிநாசினியைப் பீய்ச்சினார்கள். அதே நாட்களில் உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்திருந்தது. பின்னர் அது படிப்படியாக மாறி, காற்றில் மிதக்கும் நுண்துளிகளாலும் பரவுகிறது என்று ஏற்றது. 1897இல் தெள்ளுப்பூச்சி கடத்திய நோய்க்கு ஏழையின் சுவரைக் கழுவினார்கள். 2020இல் காற்றில் வந்த நோய்க்கு ஏழையின் உடலைக் கழுவினார்கள்.

தொடக்கத்தில் நம் காதுகளில் விழுந்த சொல் 'சமூக விலகல்'. அந்தச் சொல் நமக்குப் புதிதல்ல என்று பலர் அப்போதே சொன்னார்கள். பின்னர் 'தனிநபர் இடைவெளி' என்று திருத்தினார்கள். சொல் மாறியது. ஆனால் சென்னையில் 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அந்த நாட்களிலும் சுடுகாட்டில் உடல்களை வாங்கியவர்களும் தெருவில் குப்பை அள்ளியவர்களும் வேலையை நிறுத்தவில்லை. எல்லோரும் விலகி நின்ற காலத்தில் விலக முடியாதவர்கள் யார் என்ற கேள்விக்கு சாதியே விடை.

5. முதல் கையும் கடைசி வரிசையும்

2021 ஜனவரி 16இல் இந்தியாவில் தடுப்பூசி தொடங்கியது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. அவர் எந்தச் சாதி என்பதை நாம் கேட்கவில்லை, எந்த வேலை என்பதே போதும். முன்களப் பணியாளருக்கு முதலிடம் சரியானதே. ஆனால் அந்த வாரங்களில் எழுந்த விவாதத்தையும் மறக்கக்கூடாது. கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவுகள் வருவதற்கு முன்பே, ஜனவரி 3இல் அதற்கு ஒப்புதல் தரப்பட்டிருந்தது. ஐயங்கள் இருந்தபோது முதல் கை தூய்மைப் பணியாளருடையது. மே மாதத்தில் ஐயம் தீர்ந்து, உயிர் காக்கும் மருந்து என்று எல்லோரும் தேடியபோது வரிசை எப்படி அமைந்தது?

மே 1 முதல் 18 வயது நிரம்பியோருக்கு என்று அறிவித்தார்கள். உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு, கால்பங்கு மாநிலங்களுக்கு, கால்பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு. ஒரே கோவிஷீல்டுக்கு ஒன்றிய அரசு ரூ.150, மாநிலம் ரூ.300, தனியார் ரூ.600 விலை. ஜூனில் தனியார் மருத்துவமனைக்கு உச்சவரம்பாக ரூ.780 வைத்தார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் இரண்டு தவணை போட ரூ.6,240. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி ரூ.273. ஏறத்தாழ 23 நாள் கூலி. அரசு மையத்தில் இலவசம், ஆனால் அங்கே மருந்து இல்லை. இருக்கும் நாளில் இடம் பிடிக்க கோவின் தளத்தில் பதிய வேண்டும். ஜூன் தொடக்கம் வரை அந்தத் தளம் தமிழில் இல்லை.

மே 31இல் உச்சநீதிமன்றம், 18 முதல் 44 வயதினருக்குக் கட்டணம் என்ற கொள்கையைத் தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று முதல் நோக்கிலேயே குறிப்பிட்டது. கைப்பேசி இல்லாதவர் எப்படிப் பதிவார் என்றும் கேட்டது. ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே 75 விழுக்காட்டை வாங்கி இலவசமாக வழங்கியது. தனியாரின் கால்பங்கு அப்படியே தொடர்ந்தது.

6. தயக்கத்தைப் படிப்பது எப்படி

தமிழ்நாட்டில் 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பின்னர் ஆய்வுக்குழு கூறியது. ஆனால் அந்த அறிக்கை வர அக்டோபர் ஆயிற்று. வதந்திக்கு ஆறு மாதம் இடம் கொடுத்துவிட்டு, மக்களை அறியாதவர்கள் என்று பழிப்பதில் நியாயமில்லை.

நம் மக்களுக்கு அஞ்சுவதற்குக் காரணங்களும் உண்டு. 2009-10இல் ஆந்திராவின் கம்மத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு, பலர் ஆதிவாசிகள், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் செலுத்தினார்கள். விடுதிச் சிறுமிகளுக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். சிறுமிகளின் மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணை சொன்னாலும், சம்மதம் பெற்ற முறையை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. கொரோனா தடுப்பூசிச் சோதனையிலும், போபாலில் விஷவாயுவால் பாதிக்கப்பட்ட குடிசைப் பகுதி மக்கள், ரூ.750 தருவதாக அழைக்கப்பட்டோம், சோதனை என்று சொல்லப்படவில்லை என்று புகார் சொன்னார்கள். இவையெல்லாம் ஒரு சமூகத்தின் நினைவில் தங்குகின்றன. தயக்கம் பல நேரங்களில் அந்த நினைவே.

அதே நேரம் இந்த நினைவை வதந்தி வியாபாரிகளிடம் நாம் ஒப்படைத்துவிடக்கூடாது. தடுப்பூசியே சதி என்று பேசுகிறவர்கள் நம் காயத்தைக் காட்டி நம்மையே மருந்தில்லாமல் ஆக்குகிறார்கள். 2021 செப்டம்பர் 12இல் தமிழ்நாடு அரசு ஒரே நாளில் சுமார் 40,000 இடங்களில் முகாம் நடத்தியது. பள்ளியில், அங்கன்வாடியில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஊசி கிடைத்தது. இலக்கு 20 லட்சம், அன்று போட்டுக்கொண்டவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். மக்கள் தயங்குகிறார்கள் என்று சொல்லப்பட்டதில் எவ்வளவு தூரம் தயக்கம், எவ்வளவு தூரம் பேருந்துக் கட்டணமும் கூலி இழப்பும் என்பதை இந்த ஒரு நாள் காட்டியது.

7. நம் முன் உள்ள வேலை

கோவின் தளம் பாலினத்தைக் கேட்டது, வயதைக் கேட்டது. சாதியைக் கேட்கவில்லை. எனவே எத்தனை தலித்துகளுக்கு, எந்த மாதத்தில், எத்தனை தவணை கிடைத்தது என்பதற்கு இந்த நாட்டில் கணக்கு இல்லை. எண்ணப்படாத பாகுபாடு இல்லாத பாகுபாடாக மாறிவிடுகிறது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் இந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்பது நம் முதல் கோரிக்கை.

முகாம் ஊர்த்தெருவில் அமைந்ததா, காலனியில் அமைந்ததா? ஊர்க் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தால் காலனி மக்கள் உள்ளே போனார்களா? உங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதி வையுங்கள். தூய்மைப் பணியாளர்கள், சுடுகாட்டுப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். கையில் அம்மைத் தழும்போடு இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடமும் கேளுங்கள்.

சோதனைக்கு நம் மக்கள் போகும்போது, அவர்கள் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டு, மறுக்கும் உரிமையோடு போக வேண்டும். மருந்து வரும்போது விலை பேசாமல், பொதுத்துறையில் உற்பத்தியாகி, தெருவுக்கு வர வேண்டும். திருமணியின் வளாகம் தடுப்பூசி தயாரிக்க வேண்டும் என்று கேட்பது வெறும் மாநில உரிமை அல்ல, செங்கல்பட்டு மக்கள் அரை நூற்றாண்டுக்கு முன் கொடுத்ததற்கான பாக்கி. அந்தப் பாக்கியைக் கேட்கும் பொறுப்பு இந்த அரங்கில் இருக்கும் நம் எல்லோருக்கும் உண்டு.